பெட்டியில் கிடைத்த டிராக்கபிளை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: ஒளித்து வைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டில் புதிதாக இறங்கிய ஒருவருக்குப் பெட்டி ஒன்றில் எண் பொறித்த உலோகத் தகடு கோத்த சின்னப் பொம்மை, அதாவது ஒரு டிராக்கபிள், கிடைத்திருக்கிறது. எடுத்து வந்துவிட்டார், பதிலுக்கு எதுவும் வைக்கவில்லை. தகட்டிலுள்ள எண்ணை ஜியோகேச்சிங் தளத்தில் போட்டுப் பார்த்தால், அந்தப் பொம்மை வேறொரு பெட்டியில் இருப்பதாகக் காட்டுகிறது. எடுத்தது தப்பா, எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்படிப் பதிவது, பெட்டியைக் கையாள்வதில் வேறு என்ன முறைகள் இருக்கின்றன?

எடுத்தது தப்பில்லை. பதிலுக்கு எதுவும் வைக்க வேண்டியதும் இல்லை. பெட்டிக்குள் கிடப்பவை இரண்டு வகை. சாவி வளையம், கோலிக்குண்டு, ஸ்டிக்கர் போன்றவை பண்டமாற்றுக்கு வைத்த ஸ்வாக். அதில் ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கோ அதற்கு மேலோ ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். டிராக்கபிள் அந்தக் கணக்கில் சேராது. அது யாரோ ஒருவருக்குச் சொந்தமான பொருள், பெட்டி விட்டுப் பெட்டி பயணம் போவதற்காகவே விடப்பட்டது. நீங்கள் அதற்கு ஒரு சவாரி தருகிறீர்கள், அவ்வளவுதான். சில பெட்டிகளின் இணையப் பக்கத்தில் ‘ஒன்றை எடுத்தால் ஒன்றை வையுங்கள்’ என்று எழுதியிருக்கும். தகடு கோத்த டிராக்கபிளை ட்ராவல் பக் என்பார்கள், ‘ட்ராவல் பக் ஹோட்டல்’ என்று பெயர் வைத்த பெட்டிகளில் இது அதிகம். பெட்டி வைத்தவரின் ஆசை அது, விதி இல்லை. உங்களால் அந்தப் பொருளை நகர்த்த முடியும் என்றால் தாராளமாக எடுக்கலாம். சொந்தமாக வைத்துக்கொள்ளத்தான் முடியாது.

முதலில் எண் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு டிராக்கபிளுக்கும் இரண்டு குறியீடுகள் உண்டு. ஒன்று, டிபி (TB) என்று தொடங்கும் பொதுக் குறியீடு. தளத்தில் அந்தப் பொருளின் பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதை வைத்துப் பக்கத்தைப் பார்க்கலாம், பதிவு போட முடியாது. இன்னொன்று, தகட்டிலோ, ஜியோகாயின் எனும் டிராக்கபிள் நாணயத்திலோ பொறித்திருக்கும் ரகசியக் குறியீடு, பெரும்பாலும் ஆறு எழுத்து. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு மட்டுமே அது தெரியும் என்ற நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. பெட்டி அருகிலேயே தகட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தேய்ந்த தகட்டில் பூஜ்ஜியமா, ஓவா என்று விழிக்காமல் இருக்கலாம். அந்தப் படம் உங்கள் போனோடு இருக்கட்டும்.

பதிவதில் நான்கைந்து வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. பொருளின் தளப் பக்கத்தில் எந்தப் பெட்டி காட்டுகிறதோ அதே பெட்டியிலிருந்து எடுத்தால் ‘ரிட்ரீவ்’. வேறு எங்கிருந்தாவது, அல்லது ஒருவர் கையிலிருந்து நேரடியாக வாங்கினால் ‘கிராப்’. பார்த்தேன், எடுக்கவில்லை என்றால் ‘டிஸ்கவர்’. அடுத்த பெட்டியில் வைக்கும்போது, அந்தப் பெட்டிக்கான உங்கள் பதிவை எழுதுகையில் கையிருப்புப் பட்டியலில் இந்தப் பொருளுக்கு எதிரே ‘ட்ராப்’. கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு பெட்டிக்குப் போய் வந்ததைக் காட்ட ‘விசிட்’. ஏற்கெனவே கண்டுபிடித்துப் பதிவு போட்ட பெட்டியில் மறுபடி போய் ஒரு டிராக்கபிளை வைக்கிறீர்கள் என்றால், இன்னொரு முறை ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதக் கூடாது. வெறும் குறிப்பு ஒன்றை எழுதி, அதனோடு ட்ராப் செய்யலாம். இதெல்லாம் இலவசக் கணக்கிலேயே நடக்கும். காசு, தகடு வாங்குபவருக்கு மட்டும்தான்.

இனி உங்கள் பிரச்சினை. பொம்மை கிடைத்தது ஒரு பெட்டியில், தளம் காட்டுவது இன்னொன்றை. நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: உங்களுக்கு முன் யாரோ அதைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்தார், பதியவில்லை, இந்தப் பெட்டியில் வைத்தார், அதையும் பதியவில்லை. சிறுவர்களோ, அன்றைக்கு மட்டும் கூட வந்தவர்களோ இப்படிச் செய்வது சாதாரணம். நீங்கள் ‘ரிட்ரீவ்’ கொடுத்தால் பழைய பெட்டியிலிருந்து எடுத்ததாகப் பொய்க் கணக்கு ஏறும். ‘கிராப்’ கொடுங்கள். பதிவின் வாசகத்தில் எந்தப் பெட்டியில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தொலைந்தது என்று நினைத்திருந்த சொந்தக்காரருக்கு அந்த ஒரு வரி பெரிய செய்தி. கிடைத்த பெட்டியும் பயணக் கணக்கில் வர வேண்டுமென்றால், கிராப் செய்த பிறகு அந்தப் பெட்டியில் குறிப்பு ஒன்று எழுதி அதில் ட்ராப் செய்து, உடனே ரிட்ரீவ் செய்துகொள்ளலாம். தளம் தூரத்தைப் பெட்டிக்குப் பெட்டி நேர்கோட்டில் கணக்கிடுகிறது. இடையில் ஒரு பெட்டி விடுபட்டால் வரைபடத்தில் அந்த வளைவே இல்லாமல் போகும்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. சனிக்கிழமை ஒருவர் டிராக்கபிளைப் பெட்டியில் வைக்கிறார். பதிவை வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விடுகிறார். ஞாயிறு காலை நீங்கள் எடுக்கிறீர்கள். பக்கத்தைத் திறந்தால் பொருள் இன்னும் அவர் கையில் இருப்பதாகவே காட்டுகிறது. அவசரப்பட்டு உடனே கிராப் செய்தால் அது அவருடைய கையிருப்பிலிருந்து மறைந்துவிடும். இரவு அவர் ட்ராப் செய்ய உட்கார்ந்தால் பட்டியலில் பொருளே இருக்காது. சிலர் குழம்பிப்போய்த் திரும்ப அதைத் தம் பெயருக்கு இழுத்துப் பெட்டியில் ட்ராப் செய்துவிடுவார்கள். இப்போது பொருள் உங்கள் பையில், கணக்கு பெட்டியில். அதற்கடுத்து அந்தப் பெட்டிக்கு வருபவர் இல்லாத பொருளைத் தேடுவார்.

ஆகவே இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பயணத்தில் இருப்பவர்கள் ஒரு வாரம் கழித்துப் பதிவதும் உண்டு. பொறுக்க முடியாவிட்டால் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘உங்கள் கணக்கிலுள்ள இந்த டிராக்கபிளை இந்தப் பெட்டியில் எடுத்தேன், நீங்கள் ட்ராப் போட்டதும் நான் ரிட்ரீவ் செய்கிறேன்.’ பதிலே வரவில்லை என்றால் மேலே சொன்ன கிராப், ட்ராப், ரிட்ரீவ் வழி இருக்கிறது. தேதியை மட்டும் கவனியுங்கள். பதிவு எழுதும் நாள் எதுவாக இருந்தாலும், எடுத்த நாளைத்தான் தேதிக் கட்டத்தில் போட வேண்டும். தேதி முன்பின்னாக இருந்தால் பயண வரிசை கலைந்து, அதே இரண்டு ஊருக்கு நடுவில் பொருள் போய்ப் போய் வந்த மாதிரி வரைபடத்தில் கோடுகள் விழும். ஒரே நாளில் எடுத்து வைத்த இரண்டையும் நடந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு இரண்டு வாரம். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் பொருளின் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாலோ, சொந்தக்காரருக்கு இரண்டு வரி அனுப்பினாலோ போதும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் அலமாரியில் தூங்குவதுதான் எரிச்சல். எடுப்பதற்கு முன்பே அதன் குறிக்கோளைப் பார்ப்பது நல்லது. பொருளோடு கட்டிய அட்டையிலோ பக்கத்திலோ எழுதியிருக்கும்: மேற்கே போக வேண்டும், கலங்கரை விளக்கங்களைப் பார்க்க வேண்டும், இப்படி. நீங்கள் போகும் திசை அதற்கு நேர் எதிர் என்றால் எடுக்காமல் டிஸ்கவர் மட்டும் போட்டுவிட்டு வாருங்கள். குறிக்கோள் எதுவும் இல்லையென்றால் எங்கே கொண்டுபோனாலும் சரி.

வைக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் அக்கறை வேண்டும். பொருள் சிரமமில்லாமல் உள்ளே போக வேண்டும். 100 மில்லிக்குக் குறைவான மைக்ரோவில் பொதுவாக இடமிருக்காது. 100 மில்லி முதல் 1 லிட்டர் வரையுள்ள ஸ்மால் பெட்டியில் நாணயமோ தட்டையான தகடோ போகும். பொம்மைக்கு 1 முதல் 20 லிட்டர் வரையுள்ள ரெகுலர்தான் தோது. திணித்து மூடினால் மூடி சரியாக உட்காராது, மழை உள்ளே இறங்கும். உங்கள் ஒரு பொருளால் பெட்டி முழுக்க நாசமாகும். பெட்டியின் சமீபத்திய பதிவுகளை ஒரு பார்வை பாருங்கள். நனைந்திருக்கிறது, உடைந்திருக்கிறது, அடுத்தடுத்து மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை என்றிருந்தால் அது டிராக்கபிளுக்கு ஏற்ற இடமில்லை. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்துப் பெட்டி அடிக்கடி களவு போகும், யாருமே போகாத மலை உச்சிப் பெட்டியில் வைத்தால் வருஷக்கணக்கில் நகராது. ஜியோகேச்சர்கள் கூடும் நிகழ்ச்சியில் கைக்குக் கை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

ரகசியக் குறியீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். டிராக்கபிளைப் படம் எடுத்துப் பதிவோடு போடுவது நல்ல பழக்கம், சொந்தக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஆனால் குறியீட்டை விரலால் மறைத்தோ தகட்டைத் திருப்பி வைத்தோ எடுங்கள். குறியீடு ஒரு முறை வெளியே வந்தால், பொருளைக் கண்ணால் காணாதவர்கள் பட்டியல் போட்டு வரிசையாக டிஸ்கவர் அடிப்பார்கள். வெறுத்துப்போன சொந்தக்காரர் அந்தப் பக்கத்தையே பூட்டிவிடுவதும் நடக்கிறது. நிகழ்ச்சிகளில் தங்கள் நாணயத் தொகுப்பை மேசையில் பரப்பி வைத்து, பார்த்தவர்கள் டிஸ்கவர் போட்டுக்கொள்ள அனுமதிப்பவர்கள் உண்டு. அது அவர்களாகக் கொடுப்பது. பொதுவெளியில் படம் கிடைத்தும் முறையான டிஸ்கவர் என்று சொல்லத்தக்க ஒன்று, 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருக்கிறது. அதன் ஷெர்லாக் கருவியைச் சரிபார்க்கும் பலகையில், விண்வெளி வீரரின் தலைக்கவச முகப்புக்கான பாலிகார்பனேட் துண்டில் ஒரு டிராக்கபிள் குறியீடு பொறித்திருக்கிறார்கள். நாசா வெளியிடும் படங்களில் தேடிப் பிடித்து அதைப் பதியலாம். ரிட்ரீவ் செய்ய ஆள் போகப் பல காலம் ஆகும்.

விசிட் பதிவில் அளவு தேவை. பயன்பாட்டுச் செயலிகளில், போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையிருப்பிலுள்ள எல்லா டிராக்கபிளையும் தானாகவே விசிட் போட வைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் சொந்த நாணயத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பொருளுக்கு வைத்தால் ஒரே நாளில் வாசகமே இல்லாத நாற்பது பதிவுகள் அவர் பக்கத்தில் குவியும், படிக்கத்தக்க ஒன்றிரண்டு அதற்குள் புதைந்துவிடும்.

பெட்டியைக் கையாள்வதற்கு வருவோம். திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் 3 முதல் 5 மீட்டர் வரை பிழை இருக்கலாம், அடர்ந்த மரங்களுக்கடியிலும் உயரமான சுவர்களுக்கருகிலும் இன்னும் கூடும். பெட்டி வைத்தவரின் கருவியிலும் அதே பிழை இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் தேட வேண்டியது ஒரு புள்ளியை அல்ல, ஏறக்குறைய 10 மீட்டர் வட்டத்தை. அம்புக்குறி பூஜ்ஜியம் காட்டிய இடத்தைத் தோண்டிக் கிளறுவதில் அர்த்தமில்லை. விதிப்படி, நிலத்துக்குச் சொந்தக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் பெட்டிகளைக் குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. செடியைப் பிடுங்க வேண்டிய, பட்டையை உரிக்க வேண்டிய, சுவரின் கல்லைப் பெயர்க்க வேண்டிய நிலை வந்தால் நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, ‘நான் ஒளித்து வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்’ என்று சுற்றுமுற்றும் பார்ப்பது பலன் தரும். புரட்டிய கல்லை அதே பக்கம் கீழாக இருக்கும்படி திரும்ப வையுங்கள், அதனடியில் குடியிருக்கும் பூச்சிகளுக்கு அது வீடு.

ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் வாருங்கள். விளையாட்டை அறியாதவர்களை இந்த வட்டாரத்தில் ‘மகிள்’ என்பார்கள். அவர்கள் கண்ணில் பட்ட பெட்டி அடுத்த வாரம் இருக்காது. ரொம்பவும் பதுங்கிப் பதுங்கி நடப்பதும் ஆபத்துதான், சந்தேகம் கிளப்பும். யாராவது நேரடியாகக் கேட்டால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், காவலர் கேட்டால் கண்டிப்பாக.

திறந்ததும் கவனிக்க வேண்டியது மூடிதான். கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக்புக்கை வைத்திருக்கும் ஜிப் பையின் மூலை மூடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, பெட்டிகள் நனைவதற்கு மிகச் சாதாரணமான காரணம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும், மழைநீர் பிளாஸ்டிக் மடிப்பைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். ரப்பர் வளையத்தில் ஒட்டிய மணல் துகளும் இதையே செய்யும். மூடுவதற்கு முன் வளையத்தை விரலால் ஒரு சுற்று வழித்துவிடுங்கள், பையைக் காற்று நீக்கி மடித்து உள்ளே தள்ளுங்கள், நான்கு தாழ்ப்பாளும் சொடுக்கென்று விழுந்ததா என்று பாருங்கள். நானோ என்பது சுண்டுவிரல் நுனியளவு காந்தக் குப்பி, அதற்குள் சுருட்டிய ஒரு காகிதத் துண்டு. அதை எடுக்க ஒரு ட்வீசர் வேண்டும், திரும்ப வைக்க இறுக்கிச் சுருட்ட வேண்டும். தளர்வாகச் சுருட்டித் திருகினால் மரையில் காகிதம் சிக்கிக் கிழியும். சொந்தப் பேனாவோ பென்சிலோ இல்லாமல் போகாதீர்கள், மைக்ரோவில் பேனா இருக்காது.

லாக்புக்கில் பெயர் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. இணையத்தில் மட்டும் எழுதி, உள்ளே பெயர் இல்லையென்றால் பெட்டி வைத்தவர் அந்தப் பதிவை நீக்கலாம். மரத்தில் தொங்குவதைக் கீழே நின்று பார்த்ததும் கண்டுபிடிப்பில் சேராது. பிறகு, கண்ட இடத்திலேயே, கண்டபடியே திரும்ப வையுங்கள். கல்லை வைத்து மறைத்திருந்தால் அதே கல். இதைவிட நல்ல இடம் அங்கே இருக்கிறதே என்று நகர்த்தாதீர்கள், பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆயத்தொலைவுகளும் குறிப்பும் அந்த இடத்துக்காக எழுதப்பட்டவை. பெட்டி வெளியே உருண்டு கிடந்ததென்றால், குறிப்புக்குப் பொருந்தும் மிக அருகிலுள்ள இடத்தில் மறைத்துவிட்டு, வைத்தவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்றே பதியுங்கள். புதியவர்கள் இதை அவமானமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெட்டி வைத்தவருக்கு வரும் முதல் எச்சரிக்கை மணி அதுதான். அதைவிட மோசம், கிடைக்காத இடத்தில் தானே ஒரு டப்பாவை வைத்து ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதுவது. அசல் பெட்டி அங்கேயே இருந்து, ஒரே இடத்தில் இரண்டு பெட்டி ஆகி, பின்னால் வருபவர்கள் எதில் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். லாக்புக் நனைந்திருந்தாலோ நிரம்பியிருந்தாலோ ‘ஓனர் கவனிக்கவும்’ என்ற பதிவு வகை இருக்கிறது. ஓர் உலர்ந்த தாளை உள்ளே வைத்து உதவலாம், பழைய லாக்புக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பதிவில் ‘மூன்றாவது தூணுக்குப் பின்னால் இருந்தது’ என்று எழுதுவதும், ஒளித்திருக்கும் விதத்தைப் படமாகப் போடுவதும் அடுத்தவரின் ஆட்டத்தைக் கெடுக்கும். புதிரை அவிழ்த்தால்தான் இடம் தெரியும் புதிர் கேச்களின் இறுதி ஆயத்தொலைவுகளை வெளியிடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

உணவுப் பொருள் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். மிட்டாய் வாசம் மூடிய பிளாஸ்டிக்கையும் தாண்டும், அணிலும் எலியும் டப்பாவைக் கடித்துத் திறந்துவிடும். வாசனை மெழுகுவர்த்தி, சோப்பு, லோஷன் எல்லாமே இந்த வகைதான். இந்த விளையாட்டின் முதல் பெட்டியிலேயே இந்தத் தப்பு உண்டு. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சைகையை வேண்டுமென்றே மழுக்குவதை நிறுத்தியது. மறுநாள் ஒரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் வைத்த முதல் கொள்கலனிலேயே பீன்ஸ் டின் ஒன்று இருந்தது. இன்றைய விதிப்படி அந்தப் பெட்டியைத் தளத்தில் ஏற்றவே மாட்டார்கள். ஆனால் அந்த டின் பிழைத்து, இன்று தானே ஒரு டிராக்கபிளாக நிகழ்ச்சிகளில் வலம் வருகிறது. கத்தி, பட்டாசு, லைட்டர், மது, மருந்து இவையும் கூடாது. சிறுவர்கள் திறக்கிற பெட்டி. குமிழி ஊதும் திரவக் குப்பி ஒன்று கசிந்தால் லாக்புக் முழுவதும் கூழாகும்.

நீங்களே ஒரு டிராக்கபிளை விடுவதாக இருந்தால் சில வார்த்தை. தகட்டோடு வரும் மணிச் சங்கிலி ஒரு வேகமான இழுப்பில் விட்டுவிடும், சாவி வளையமோ கம்பி வளையமோ போடுங்கள். பொருள் உள்ளங்கையில் அடங்கட்டும், கண்ணாடியோ திரவமோ வேண்டாம். ‘இது பயணம் போகும் பொருள், எடுத்தால் அடுத்த பெட்டியில் வையுங்கள், தளத்தில் பதியுங்கள்’ என்று லேமினேட் செய்த அட்டை ஒன்றைக் கோத்துவிடுங்கள். விளையாட்டுக்குப் புதியவர்தான் பெரும்பாலும் அதை வீட்டோடு வைத்துக்கொள்பவர், கெட்ட எண்ணத்தால் அல்ல. அழகான ஜியோகாயின்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் காணாமல் போகும். திரும்பி வரும் என்று எதிர்பார்க்கும் பொருளை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பெட்டியின் பட்டியலில் இருக்கும் டிராக்கபிள் உள்ளே இல்லையென்றால், பெயர் சொல்லி உங்கள் பதிவில் எழுதுங்கள்: ‘பச்சைத் தவளை டிராக்கபிள் உள்ளே இல்லை.’ எழுதுவதற்கு முன் சில நாள் பழைய பதிவுகளைப் பாருங்கள், எடுத்தவர் இன்னும் பதியாமல் இருக்கலாம். பெட்டி வைத்தவரோ பொருளின் சொந்தக்காரரோ அதைக் ‘காணவில்லை’ என்று குறிக்க முடியும். அப்படிக் குறித்தால் பெட்டியின் பட்டியல் சுத்தமாகும், பொருளின் கதை முடிந்துவிடாது. பின்னால் யாராவது எடுத்து ரகசியக் குறியீட்டைப் போட்டு கிராப் செய்தால் மறுபடி ஓட ஆரம்பிக்கும். பொம்மை உதிர்ந்து தகடு மட்டும் கிடைத்தாலும் அது செல்லும், அப்படியே பதிந்து நகர்த்துங்கள். பழைய டிராக்கபிள் ஒன்று உங்கள் மேசை இழுப்பறையில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் இதே வழிதான்: சொந்தக்காரருக்கு ஒரு வரி எழுதிவிட்டு, உலர்ந்த, நல்ல நிலையிலுள்ள ரெகுலர் பெட்டி ஒன்றில் வைத்து, அன்றைக்கே ட்ராப் போட்டுவிடுங்கள்.